மறு: ‘லூஸ் டெனன்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

இரண்டு பலகைகளிலும் துளை போட்டு, தனியாகச் செய்த மரத்துண்டு ஒன்றை இரண்டிலும் செருகி ஒட்டுவது தச்சு வேலையில் ஒரு பொருத்து. அந்தத் துண்டைத்தான் ஆங்கிலத்தில் ‘லூஸ் டெனன்’ (loose tenon) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் இதுவரை ‘தளர் கழுந்து’, ‘மிதவைக் கழுந்து’, ‘தனிக் கழுந்து’, ‘இரவல் நாக்கு’ என்று நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. இன்னும் இரண்டு நாள் விட்டால் நாற்பதாகிவிடும். அதற்குள் பட்டறைப் பக்கமிருந்து என் பங்கையும் எழுதிவிடுகிறேன்.

> லூஸ் என்பதற்குத் தளர் என்பதே நேர்ச்சொல். ஏன் சுற்றி வளைக்க வேண்டும்?

அது தளர்வாக இருக்கவே கூடாது ஐயா, அதனால்தான். துண்டைத் துளையில் வைத்துக் கையால் அழுத்தினால் இறங்க வேண்டும். பலகையைக் கவிழ்த்தால் விழக் கூடாது. அந்தப் பதத்துக்கு இழைத்தால்தான் பசை பிடிக்கும். ஆச்சாரியிடம் போய் “டிராயருக்குத் தளர் கழுந்து போடுங்க” என்று சொல்லிப் பாருங்கள். “இப்பவே ஆடணுமா சார், கொஞ்ச நாள் போய் ஆடினா போதாதா?” என்று கேட்பார். இங்கே லூஸ் என்பது எதனோடும் சேராமல் தனியாக இருப்பதைத்தான் குறிக்கிறது. இரண்டு பலகையிலும் துளை, இரண்டுக்கும் சொந்தமில்லாத மூன்றாவது துண்டு ஒன்று. மிதவைக்கும் இதே பதில்தான்.

‘இரவல் நாக்கு’ எனக்குப் பிடித்திருந்தது. ஜெர்மன் தச்சர்கள் இப்படித் தனியாகச் செருகும் நாக்கை ‘ஃப்ரெம்ட்ஃபேடர்’, அதாவது அயல் நாக்கு என்கிறார்கள். ஜப்பானில் ‘யாதோய்’ என்று சொல்வார்கள், கூலிக்கு அமர்த்தியது என்று பொருள். ஆனால் இரவல் வாங்கினால் திருப்பித் தர வேண்டும். பசை தடவி இறக்கிய துண்டு திரும்பி வராது. (இரவல் கொடுத்த புத்தகமும் அப்படித்தான் என்று யாராவது எழுதும் முன் நானே எழுதிவிடுகிறேன்.)

> இது டோமினோ மெஷின் வந்த பிறகு வந்த புது டெக்னிக். புதுச் சொல்லே தேவை.

இந்தத் துண்டுக்கான துளையைப் போடும் கைமெஷினான ஃபெஸ்டூல் நிறுவனத்தின் டோமினோ 2000களில் வந்தது, சரி. பொருத்து மிகப் பழையது. துருக்கிக் கரையோரம் உலுபுருன் என்ற இடத்தில் 1982இல் கண்டுபிடித்த மூழ்கிய கப்பல் கி.மு. 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதன் பலகைகளை இணைத்தவை இப்படித் தனியாகச் செய்து செருகிய துண்டுகளே.

இனி கழுந்துக்கு வருகிறேன். வில்லின் முனையும் உலக்கையின் தேய்ந்த முனையும் பழந்தமிழில் கழுந்து. அதாவது ஒரு பொருளின் நுனி. சட்டத்தின் நுனியைச் செதுக்கி இன்னொரு சட்டத்தின் துளையில் இறக்கும் சாதாரண டெனனுக்கு அது அழகாகப் பொருந்துகிறது. நாம் பேசும் துண்டோ எதற்கும் நுனி இல்லை. ‘தனிக் கழுந்து’ என்பது உடம்பில்லாத நுனியாகிவிடும். பிறகு அதற்கு ஒரு விளக்கக் குறிப்பு, அந்தக் குறிப்புக்கு ஒரு இழை.

தனியாகச் செய்து அடித்து இறக்குவதற்குத் தமிழில் முளை என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. மாடு கட்ட அடிப்பது முளை. பலகைகளை இணைக்கச் செருகும் ‘டவல்’ (dowel) என்ற உருண்டைக் குச்சியும் முளைதான். (பட்டறையில் “டவல் எடுத்துட்டு வா” என்றால் புதுப் பையன் துண்டோடு வந்து நிற்பான், அதற்காகவாவது ஒரு தமிழ்ச்சொல் வேண்டும்.) டவல் உருண்டை, இது தட்டை. எனவே என் பரிந்துரை: உருண்டையானது உருள்முளை, தட்டையானது பட்டைமுளை. பட்டைக் கம்பி, பட்டை உளி என்று பழகிய காதுக்கு விளக்கம் தேவைப்படாது.

> அலங்காரமாக வெளியே தெரிவதற்குத் தனிச்சொல் வேண்டாமா?

வேண்டும். துளை பலகையைத் தாண்டிப் போய், முளையின் முனை வெளியே தெரியும் வகை அது. அதை ஒரு டிராயரில் வைத்தே பார்ப்போம். 18 மி.மீ. தேக்கு முகப்பு, 12 மி.மீ. பக்கப் பலகைகள், 6 மி.மீ. கனத்தில் பட்டைமுளை. முகப்பு இரு பக்கப் பலகைகளுக்கும் நடுவில் நிற்க, பக்கத்தின் வெளிமுகத்திலிருந்து முகப்பின் வெட்டுமுனைக்குள் துளை போகிறது. டிராயரை இழுக்கும் திசைக்கு முளை குறுக்கே கிடப்பதால், பசை விட்டுப்போனாலும் முளை முறியாமல் முகப்பு கையோடு வராது. முகப்பு வழியாகத் துளைத்துப் பக்கத்தின் முனையில் இறக்கினால் முன்னாலிருந்தே அழகு தெரியும். ஆனால் முளை இழுக்கும் திசையிலேயே கிடக்கும், பாரம் முழுக்கப் பசையின் தலையில். அந்த இடத்தில், புறாவின் வால்போல விரிந்த பற்களைக் கோத்துச் செய்யும் புறாவால் பொருத்துதான் (dovetail) கெட்டி.

அகலமான ஒரே முளையைவிடச் சிறிதாக இரண்டு மூன்று போடுவது நல்லது. துளை பக்கப் பலகையின் ரேகையை, அதாவது மரநார் ஓடும் வாக்கை, குறுக்கே அறுக்கிறது. நீளமாகப் போனால் பலகை அங்கேயே முறியக்கூடும். முளையின் ரேகை அதன் நீளவாக்கில் ஓட வேண்டும். உள்ளே போகும் முனையை லேசாகச் சரித்துவிட்டு, மேல்முகத்தில் ஒரு மெல்லிய காடி இழுத்தால் மிஞ்சிய பசை வெளியேற வழி கிடைக்கும். தேக்கில் ஈட்டி மரத்துண்டு நன்றாக எடுப்பாக இருக்கும், பாலிஷ் குடித்து வெட்டுமுனை இன்னும் கறுக்கும். கருங்காலி இன்னும் அழகு. ஆனால் கருங்காலி மாலை காலத்தில் துண்டு கருங்காலி கேட்டால் மரக்கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்க்கிறார்.

முளையை இரண்டு மி.மீ. நீட்டி விட்டு, பசை காய்ந்த பிறகு இழைப்புளியால் சமன் செய்வது வழக்கம். சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மழையில் இதைச் செய்தால் சித்திரையில் முளையின் தலை நகத்துக்குத் தட்டும். பலகை கனத்தில் சுருங்கும். முளை நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது. சிலர் அதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு, அரை மி.மீ. வெளியே விட்டு ஓரத்தைச் சரித்து விடுகிறார்கள். மரத்தின்மேல் மரம் ஓடும் டிராயரில் அது உரசும். பால் பேரிங் சேனல் போட்டால் இரு பக்கமும் சுமார் அரை அங்குலம் இடம் கிடைப்பதால் கவலையில்லை.

ஆக வெளியே தெரிவது ‘தலைகாட்டும் பட்டைமுளை’. சமமாக இழைத்திருந்தாலும் துருத்தி நின்றாலும் இது பொருந்தும். ‘ஊடுருவு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். இலக்கணப்படி சரிதான், ஆனால் எக்ஸ்ரே ஞாபகம் வருகிறது. உள்ளேயே நின்றுவிடுவதை ‘மறை பட்டைமுளை’ எனலாம்.

இழுப்பறையா டிராயரா என்ற சண்டையை இந்த இழையில் வேண்டாமே. இலங்கை நண்பர்கள் லாச்சி என்பார்கள், அதுவே டச்சுக்காரர்கள் கொடுத்துப்போனது.

இதேபோலப் பலகைகளுக்கு நடுவே செருகும், பிஸ்கட் எனப்படும் நீள்வட்டச் சில்லுக்கு ‘வில்லைமுளை’ என்று தோன்றுகிறது, ஆனால் அதில் எனக்குப் பிடிவாதமில்லை. பட்டைமுளைக்கு மறுப்பு இருப்பவர்கள் எழுதுங்கள். இல்லாவிட்டால் நம் சொற்பட்டியலில் சேர்த்துவிடலாம், ஒரே சொல்லாக, இடைவெளி விடாமல்.