சிறு கூடத்துக் கச்சேரிக்கு மிக்சர் இணைப்பு: தம்புரா ஒலி மறைவது ஏன்?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். சுமார் நூறு பேர் அமரக்கூடிய எங்கள் சபாக் கூடத்திற்கு 12 சேனல் அனலாக் மிக்சர் ஒன்றும், ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே அமைந்த இரண்டு ஸ்பீக்கர்களும் வாங்கியிருக்கிறோம். பாட்டு, வயலின், மிருதங்கம், கடம் ஆகிய நான்கிற்கும் டைனமிக் மைக்குகள் உள்ளன. கைப்பேசியில் ஓடும் தம்புராவை, ஒரு முனையில் சிறிய ஸ்டீரியோ பின்னும் மறுமுனையில் பெரிய ஸ்டீரியோ ஜாக்கும் உள்ள கேபிளால் ஐந்தாவது சேனலின் லைன் உள்ளீட்டில் இணைத்தபோது, ஒலி ஏறக்குறைய கேட்கவே இல்லை. அதே கேபிளில் ஒரு பாட்டை ஒலிக்கவிட்டால் பக்கவாத்தியம் மெலிதாகக் கேட்கிறது, பாடகரின் குரல் காணாமல் போகிறது. மேலும், கைப்பேசியைச் சார்ஜரில் போட்டவுடன் ஸ்பீக்கர்களில் உறுமல் எழுகிறது. மிக்சரில் பழுதா, அல்லது இணைப்பில் பிழையா? பாடகருக்கு மானிட்டர் (மேடையில் அவர் கேட்பதற்கான ஸ்பீக்கர்) வைக்கும் முறையையும் விளக்கினால் உதவியாக இருக்கும்.

முதல் மறுமொழி:
வணக்கம் ஐயா. மிக்சரில் பழுது இருப்பதாகத் தெரியவில்லை. தாங்கள் சொல்லும் அறிகுறிகள் அந்தக் கேபிளையே காட்டுகின்றன. கைப்பேசியின் ஸ்டீரியோ பின்னில் நுனி இடப்பக்க ஒலியையும், நடு வளையம் வலப்பக்க ஒலியையும் கொண்டுவருகின்றன. மிக்சரின் மோனோ சேனலில் உள்ள லைன் உள்ளீடோ பேலன்ஸ்டு வகை. அது நுனிக்கும் வளையத்திற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை மட்டுமே எடுத்துக்கொள்ளும். இரு பக்கமும் ஒரே ஒலி வந்தால் ஒன்றை ஒன்று கழித்துவிடும். தம்புரா இரு பக்கமும் ஒன்றாகவே பதிவாகியிருப்பதால் மறைகிறது. பாட்டில் நடுவில் வைக்கப்பட்ட குரலும் அவ்வாறே மறைந்து, இரு பக்கமும் வேறுபட்டு ஒலிக்கும் வாத்தியங்கள் மட்டும் மிஞ்சுகின்றன. சிறிய ஸ்டீரியோ பின்னிலிருந்து இரண்டு தனித்தனி மோனோ ஜாக்குகளாகப் பிரியும் கேபிளை வாங்கி, மிக்சரின் ஸ்டீரியோ சேனலில் இடது, வலது துளைகளில் செருகுங்கள். சிக்கல் அந்தக் கணமே தீரும்.

உறுமல் வேறு விஷயம். சார்ஜரைக் கழற்றியவுடன் நின்றால் மின்வழி இரைச்சல் அதன் வழியாகத்தான் நுழைகிறது. கச்சேரி முடியும்வரை கைப்பேசியைப் பேட்டரியிலேயே ஓடவிடுவது எளிய வழி. மேடைக்கும் மிக்சருக்கும் தூரம் அதிகமென்றால், டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டி.ஐ. பாக்ஸை (கைப்பேசி போன்றவற்றின் ஒலியை மைக் கேபிளில் அனுப்ப ஏற்றதாக மாற்றும் சிறு பெட்டி) மேடையிலேயே வைத்து, அங்கிருந்து எக்ஸ்.எல்.ஆர். எனப்படும் மைக் கேபிளில் கொண்டுவருவதே நல்லது. மிக்சரையும் ஸ்பீக்கர்களையும் ஒரே மின்வழியிலிருந்து எடுங்கள். உறுமலை நிறுத்துவதற்காக மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளைச் சிலர் நீக்கிவிடுகிறார்கள். தயவுசெய்து அதை ஒருபோதும் செய்யாதீர்கள், மைக்கைத் தொடுகிறவரின் உயிருக்கே ஆபத்து.

இரண்டாம் மறுமொழி:
மேலே சொன்னது முற்றிலும் சரி. ஒலி அளவை அமைப்பதைப் பற்றி நான் சேர்க்கிறேன். கச்சேரியின் தரம் பெரும்பாலும் சேனலின் தலையிலுள்ள, உள்ளே வரும் ஒலியைப் பெருக்கும் கெயின் குமிழில்தான் தீர்மானமாகிறது என்பது என் கருத்து. ஃபேடரை (சேனலின் ஒலி அளவை மாற்றும் நகர்த்தியை) இறக்கிவைத்து, ஃபேடருக்கு முந்தைய ஒலியைக் காட்டும் பி.எஃப்.எல். பொத்தானை அழுத்தி, பாடகரைத் தார ஸ்தாயியில் முழுக் குரலில் பாடச் சொல்லுங்கள். 'ஹலோ, செக்' என்று சொல்லிப் பார்த்துக் கெயினை வைத்தால், நிரவலின் உச்சத்தில் சிவப்பு விளக்கு எரிந்து குரல் பிசிறடிக்கும். மீட்டர் 0 அருகில் ஆடி, பீக் விளக்கு எரியாதிருக்கும் இடத்தில் கெயினை நிறுத்தி, பிறகு ஃபேடரை மெல்ல உயர்த்துங்கள். பாட்டு மைக்கில் தாழ் அதிர்வெண்களை வெட்டும் பொத்தானைப் பயன்படுத்தலாம்; மிருதங்கத்தில் அதைத் தொடாதீர்கள், தொப்பியின் கும்கி மெலிந்துபோகும்.

மானிட்டரை ஃபேடருக்கு முன்னால் எடுக்கும் ஆக்ஸ் வழியிலிருந்து (மிக்சரின் துணை வெளியீடு) கொடுங்கள். அப்போது கூடத்தின் அளவைத் தாங்கள் மாற்றினாலும் பாடகரின் செவிக்குப் போகும் அளவு மாறாது. கார்டியாய்டு மைக்கின் பின்பக்கம் மிகக் குறைவாகக் கேட்பதால், மானிட்டரை மைக்கின் நேர்பின்னால் வையுங்கள். தம்புராவும் பாட்டும் போதிய அளவு கேட்டால் பாடகர்கள் கூடுதலாக எதையும் கேட்பதில்லை; எல்லா வாத்தியங்களையும் அதில் திணித்தால் ஃபீட்பேக்தான் (ஸ்பீக்கரின் ஒலி மைக்கில் திரும்ப நுழைந்து எழும் ஊளை) மிஞ்சும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. இரு ஜாக் கேபிளை வாங்கி இணைத்தவுடன் தம்புரா நிறைவாகக் கேட்கிறது. கண்டென்சர் மைக் (இயங்க மின்சாரம் தேவைப்படும் வகை) ஒன்றை அடுத்த மாதம் வயலினுக்கு வாங்க எண்ணுகிறோம். எங்கள் மிக்சரில், மைக் கேபிள் வழியே அந்த மின்சாரத்தைத் தரும் 48 வோல்ட் பாண்டம் பவர் பொத்தான் எல்லா மைக் சேனல்களுக்கும் பொதுவாக ஒன்றுதான் இருக்கிறது. மற்ற மைக்குகளுக்குக் கெடுதல் வருமா?

முதல் மறுமொழியாளர்:
பழுதற்ற எக்ஸ்.எல்.ஆர். கேபிளில் இணைந்த டைனமிக் மைக்குகளுக்குக் கெடுதல் வராது. கைப்பேசியை மட்டும் எந்த அடாப்டர் வழியாகவும் மைக் உள்ளீட்டில் நேரடியாகச் செருகாதீர்கள். மைக்குகளை மாட்டும்போதும் கழற்றும்போதும் ஃபேடர்களை இறக்கி, பாண்டம் பவரை அணைத்துவிடுங்கள். கூடத்தைத் திறக்கும்போது மிக்சரை முதலிலும் ஸ்பீக்கர்களைக் கடைசியிலும் இயக்குங்கள். முடிக்கும்போது ஸ்பீக்கர்களை முதலில் அணையுங்கள்.