'ஆரிகன் டிரெயில்' தந்த மெக் நிறுவனத்திடமிருந்து நாம் கற்க வேண்டியது எது?

கேள்வி – நிரலாளர், கோவை

வணக்கம். நாங்கள் நால்வர் சேர்ந்து, எகிப்திலிருந்து முசிறிக்கு மிளகு வாங்க வந்த பண்டைய கப்பல்களைப் பற்றி, நடுநிலைப் பள்ளி மாணவர்களுக்கான வீடியோ கேம் ஒன்றை உருவாக்கி வருகிறோம். ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் ஐந்து வினாக்கள் வரும். சரியாக விடையளித்தால்தான் அடுத்த கட்டம் திறக்கும். விளையாடிப் பார்த்த பிள்ளைகளோ வினாக்களை எப்படியாவது தாண்டிவிட்டு, கப்பலோட்டுவதிலேயே கருத்தாக இருக்கிறார்கள். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் இயங்கிய மெக் (MECC) என்ற கல்வி மென்பொருள் நிறுவனத்தின் 'ஆரிகன் டிரெயில்', அதாவது குடியேறிகள் மாட்டுவண்டியில் மேற்கே ஆரிகனுக்குச் செல்லும் பயணத்தை நடத்திக் காட்டும் கணினி விளையாட்டு, தலைமுறை தாண்டியும் நினைவில் நிற்கிறது. அதற்குக் காரணம் விளையாட்டின் அமைப்பா, பள்ளிகளுடன் அந்நிறுவனத்துக்கு இருந்த உறவா?

மறுமொழி – வரலாற்று ஆசிரியை, மதுரை

அமைப்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். 1971-இல் மினியாபொலிஸில் பயிற்சி ஆசிரியராக இருந்த டான் ராவிட்ச், குடியேறிகள் மேற்கு நோக்கிச் சென்ற வரலாற்றை நடத்துவதற்குப் பலகை விளையாட்டு ஒன்றைத் திட்டமிட்டிருந்தார். அவருடன் தங்கியிருந்த கணிதப் பயிற்சி ஆசிரியர்களான பில் ஹைன்மனும் பால் டில்லன்பெர்கரும் இரண்டே வாரங்களில் அதைக் கணினிக்குக் கொண்டுவந்தனர். அப்போது திரை கிடையாது. கணினியோடு இணைந்த தட்டச்சுப்பொறியான டெலிடைப்பின் காகிதத்தில் விளையாட்டு வரிவரியாக அச்சாகி வந்தது.

1974-இல் ராவிட்ச் மெக்கில் சேர்ந்தபோது, தம்மிடமிருந்த அச்சுப்படியைப் பார்த்து நிரலை மீண்டும் தட்டி ஏற்றினார். பின்னர் குடியேறிகளின் நாட்குறிப்புகளைப் படித்து, நோயும் மோசமான வானிலையும் வழியில் எவ்வளவு அடிக்கடி நேர்ந்தன என்று கணக்கிட்டு, ஏறத்தாழ அதே விகிதத்தில் அவை விளையாட்டிலும் நேருமாறு நிரலைத் திருத்தினார். உங்கள் கேள்விக்கான விடை இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன். 1985-இல் ஆப்பிள் 2 கணினிக்கு வந்த பதிப்பில், எந்த மாதத்தில் புறப்படுவது என்பதை மாணவரே முடிவு செய்ய வேண்டும்: முன்னதாகக் கிளம்பினால் வண்டி மாடுகளுக்குப் புல் இராது, தாமதித்தால் மலையில் பனி மறிக்கும். வங்கியாளராகத் தொடங்குபவருக்கு 1,600 டாலர், உழவருக்கு 400 டாலர்தான். ஆனால் உழவர் ஊர் போய்ச் சேர்ந்தால் மும்மடங்கு மதிப்பெண். இவற்றைத் தனியாக வினாவாகக் கேட்கத் தேவையே இல்லை, ஏனெனில் விளையாடுவதும் கற்பதும் அங்கே ஒரே செயல்.

மறுமொழி – கல்வி மென்பொருள் துறையில் பணியாற்றுபவர், சென்னை

ஆசிரியை சொல்வதை ஏற்கிறேன்; எனினும், பள்ளிக்குள் நுழைய வழியில்லாத நல்ல விளையாட்டு யாருக்கும் பயன்படாது. மெக் 1973-இல் மாநில அரசின் முயற்சியால், பள்ளிகளுக்குக் கணினி வசதி அளிக்கவே தொடங்கப்பட்டது. எனவே மாநிலம் முழுவதும் அதன் மென்பொருளுக்கு வகுப்பறைகள் காத்திருந்தன. சந்தைக்காக அவசரப்பட வேண்டிய நிலை தொடக்கத்தில் இல்லாததால்தான் ஒரே விளையாட்டைப் பல ஆண்டுகள் செப்பனிட முடிந்தது. 1991-இல் மெக் தனியாருக்கு விற்கப்பட்டது, 1996-இல் சாஃப்ட்கீ என்ற மென்பொருள் நிறுவனம் அதை வாங்கியது, 1999-இல் மெக் மூடப்பட்டது. ஆகவே, நிரலை முடித்த பிறகு பள்ளிகளைத் தேடிச் செல்லாதீர்கள். இரண்டு பள்ளிகளின் ஆசிரியர்களை இப்போதே குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி – வரலாற்று ஆசிரியை, மதுரை

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாட்குறிப்புகள் குடியேறிகளுடையவை என்பதால், அந்த நிலத்தின் பூர்வகுடிகள் விளையாட்டில் ஓரத்தில் மட்டுமே நின்றார்கள். இதற்காக நெடுங்காலம் விமர்சனமும் எழுந்தது. 2021-இல் கேம்லாஃப்ட் என்ற வீடியோ கேம் நிறுவனம் புதிய பதிப்பை வெளியிட்டபோது பூர்வகுடி வரலாற்றாசிரியர்களின் ஆலோசனையைப் பெற்றது. கப்பலில் வந்தவர்களின் கண்ணால் மட்டும் முசிறியைப் பார்த்தால் நீங்களும் அதே தவற்றைச் செய்வீர்கள். மிளகைத் தோணியில் கொண்டுவந்து கொடுத்தவர்களுக்கும் விளையாட்டில் முடிவெடுக்கும் உரிமை வேண்டும்.

கேட்டவர் – நிரலாளர், கோவை

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. வினாக்களை முழுமையாக நீக்கிவிடுகிறோம். தென்மேற்குப் பருவக்காற்றோடு வந்த கப்பல்கள், திரும்புவதற்கு மார்கழியை ஒட்டிக் காற்று திசைமாறும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. புறப்படும் மாதத்தை மாணவரே தேர்ந்தெடுக்கட்டும். கரையில் மிளகு விற்பவராகவும் விளையாட இடம் தருகிறோம். ஆசிரியை அவர்களே, முதல் வரைவை உங்கள் வகுப்பில் விளையாடிப் பார்க்க இயலுமா?