எஃப்/22 வைத்தும் ஈயின் கண் மழுங்கலாக வருகிறது, ஏன்?

கேள்வி:
வீட்டு ஈயின் கண்ணை மிக நெருக்கமாக எடுக்கப் பார்க்கிறேன். ஏபிஎஸ்-சி கேமரா (சென்சார் அகலம் சுமார் 24 மி.மீ.), லென்ஸைக் கேமராவிலிருந்து தள்ளி வைக்கும் வெற்றுக்குழாயான எக்ஸ்டென்ஷன் டியூப், அதில் தலைகீழாக மாட்டிய பழைய 50 மி.மீ. லென்ஸ். தெளிவாக விழும் ஆழம் போதவில்லை என்று லென்ஸின் துளையை எஃப்/22 வரை மூடினேன் (எஃப் எண் கூடினால் துளை சிறுக்கும்). ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/200 விநாடி, ஃபிளாஷ் முழு சக்தியில். கண்ணில் வலைப்பின்னல் தெரிய வேண்டிய இடம் மெழுகு பூசியது போல இருக்கிறது. மூன்று வாரமாக முயல்கிறேன், லென்ஸே சரியில்லையோ?

பதில்:
கை நடுக்கமாக இருக்கலாம். ஃபிளாஷை அணைத்துவிட்டு அதே அமைப்பில் ஒரு படம் எடுங்கள். முழுக் கறுப்பாக வந்தால் அறை வெளிச்சம் பதியவில்லை, அதனால் வரும் நடுக்கச் சிக்கலும் இல்லை.

கேட்டவர்:
எடுத்தேன், முழுக் கறுப்புதான்.

வேறொருவர் பதில்:
லென்ஸை மாற்றிவிடாதீர்கள், காரணம் எஃப்/22தான். முதலில் மில்லிமீட்டர் அளவுகோலைப் படமெடுங்கள். சட்டத்தின் அகலத்தில் 12 மி.மீ. அடங்கினால் உருப்பெருக்கம் ஏறத்தாழ 2 மடங்கு. அப்போது உருப்பெருக்கத்தோடு ஒன்று கூட்டி, வரும் எண்ணால் எஃப் எண்ணைப் பெருக்கினால்தான் உண்மையில் செயல்படும் எஃப் எண் கிடைக்கும்: 22 × 3 = 66. அவ்வளவு சிறிய துளையில் ஒளி விளிம்பு விளைவால் (துளையின் ஓரத்தில் வளைந்து) பரவி, நுண்விவரத்தை அழித்துவிடும். எஃப்/5.6 வையுங்கள், அது சுமார் 17 ஆகத்தான் செயல்படும்.

இன்னொன்றும் உண்டு. ஃபிளாஷ் முழு சக்தியில் எரிந்தால் அதன் ஒளிர்வு நேரம் நீளும், அதற்குள் ஈயோ கையோ அசைந்துவிடும். கறுப்புப் படச் சோதனை இதைக் காட்டிக்கொடுக்காது. எஃப்/5.6க்கு வந்தால் 1/16 சக்தி போதும், ஒளிர்வும் விநாடியின் பல ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கும்.

கேட்டவர்:
அளவுகோலில் 12 மி.மீ.தான்! எஃப்/5.6இல் வலை தெரிகிறது, ஒவ்வொரு அறுகோணமும் தனித்தனியாக. எனக்குப் பேச்சே வரவில்லை. ஆனால் கண்ணின் நடுப்பகுதி மட்டும்தான் தெளிவு. பளீரென்று ஒரு வெள்ளைப் புள்ளியும் விழுகிறது.

எஃப்/22தான் காரணம் என்றவர்:
அந்த அமைப்பில் தெளிவாக வரும் ஆழம் கால் மில்லிமீட்டர்கூட இருக்காது. அதனால் பல படங்களை அடுக்கித்தான் ஆக வேண்டும். குவிய வளையத்தைத் தொடாமல் கேமராவையே 0.1 மி.மீ. அளவில் முன்னே நகர்த்தி இருபது படங்கள் எடுத்து, மென்பொருளில் இணையுங்கள். ஈ அசையாமல் இருக்க வேண்டும். குளிர்ந்த விடியற்காலையில் மந்தமாக உட்கார்ந்திருக்கும் ஈயைத் தேடுங்கள். ஜன்னலோரம் செத்துக் காய்ந்ததை எடுக்காதீர்கள், கண் குழிந்து நிறம் போயிருக்கும். பிடித்துக் குளிர்பெட்டியில் வைக்கும் வழக்கமும் எனக்கு உடன்பாடில்லை, உயிரை வதைத்து எடுத்த படம் எதற்கு?

வெள்ளைப் புள்ளி என்பது ஃபிளாஷின் பிரதிபலிப்பு. வெண்ணெய்த்தாளை வளைத்து, ஈக்கு மிக அருகில், அதன் தலைக்கு மேல் கூரைபோல வரும்படி கட்டுங்கள். தாள் பெரிதாகவும் நெருக்கமாகவும் இருக்க இருக்கப் புள்ளி விரிந்து மென்மையாகும்.

கேட்டவர்:
இன்றே தாளைக் கட்டிவிட்டேன். நாளை விடிந்ததும் எடுத்துப் படத்தை இங்கே போடுகிறேன்.