வானிலை முன்கணிப்பில் முனைவர் ஆய்வு: எண்முறை மாதிரியா, இயந்திரக் கற்றலா?

கடற்காற்று:
வளிமண்டல எண்முறை மாதிரியாக்கத்தில், அதாவது காற்றின் இயக்கத்தை விவரிக்கும் இயற்பியல் சமன்பாடுகளைக் கணினியில் எண்களாகத் தீர்த்து வானிலையைக் கணிக்கும் துறையில், முனைவர் ஆய்வுக்குச் சேரலாமா என்று முதுகலை முடிக்கவிருக்கும் மாணவி ஒருவர் இங்கே கேட்டிருந்தார். சமன்பாடுகளைத் தீர்க்கும் நிரல் எழுதுவதில் அவர் ஐந்தாண்டுகளைச் செலவிட வேண்டாம் என்றே சொல்வேன். பழைய வானிலைத் தரவிலிருந்து கற்றுக் கணிக்கும் கூகுள் டீப்மைண்டின் இயந்திரக் கற்றல் மாதிரியான கிராஃப்காஸ்ட் 2023-இல் வெளிவந்தது; அது பத்து நாள் முன்கணிப்பை ஒற்றைக் கணிப்புச் சில்லில் ஒரு நிமிடத்துக்குள் தருகிறது. ஐரோப்பிய நடுத்தர கால வானிலை முன்கணிப்பு மையம் 2025 பிப்ரவரியிலேயே தன் இயந்திரக் கற்றல் மாதிரியை அன்றாடப் பணியில் இறக்கிவிட்டது.

வகைக்கெழு:
வேகத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் கிராஃப்காஸ்ட் எதைப் படித்துக் கற்றது? இஆர்ஏ5 என்னும் மறுபகுப்பாய்வுத் தரவை. அது, உலகெங்கும் திரட்டிய அளவீடுகளை ஓர் எண்முறை மாதிரியோடு இணைத்து, உலகைச் சுமார் 31 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து உருவாக்கப்பட்டது. அந்த மாதிரி மேம்படாமல் தரவு மேம்படாது.

வெப்பமண்டலத்தில் சிக்கல் இன்னும் ஆழமானது. 2025 மே மாதம் அறிமுகமான பாரத் முன்கணிப்பு அமைப்பு என்னும் இந்திய எண்முறை மாதிரியின் கட்டம் 6 கிலோமீட்டர். இடிமேகத்துக்குள் மேலேறும் காற்றோட்டம் பெரும்பாலும் அதைவிடக் குறுகியது. ஆகவே அதன் விளைவைத் தோராய விதிகளைக் கொண்டே புகுத்துகிறோம். கட்ட இடைவெளியைப் பாதியாக்கினால் கிடைமட்டப் புள்ளிகள் நான்கு மடங்காகும். கணக்கு நிலைகுலையாதிருக்கக் கால இடைவெளியையும் பாதியாக்க நேர்வதால் வேலை எட்டு மடங்காகும். கணினியைப் பெரிதாக்கி மட்டும் இதைத் தீர்த்துவிட முடியாது என்பதால்தான் இங்கே ஆய்வாளர் தேவைப்படுகிறார்.

கடற்காற்று:
தேவைதான், கணினிக்கு எங்கே போவது? புனேயின் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்திலுள்ள ‘அர்கா’ மீக்கணினி 11.77 பெட்டாஃப்ளாப்ஸ் திறன் கொண்டது (ஒரு பெட்டாஃப்ளாப்ஸ் என்பது நொடிக்கு ஆயிரம் இலட்சம் கோடி கணக்குகள்). அத்தகைய வசதி எட்டாத கல்லூரியில் சேரும் மாணவி, கணினி நேரத்துக்குக் காத்திருந்தே காலத்தைக் கழிப்பார். பயிற்சி முடிந்த கற்றல் மாதிரிகளோ பொதுவெளியில் கிடைக்கின்றன. புயல் பாதை, கனமழை என்று எடுத்துக்கொண்டு சிறிய ஆய்வகத்திலேயே சோதிக்கலாம். மாதம் 37,000 ரூபாய் இளநிலை ஆய்வு உதவித்தொகையை நம்பி வருபவருக்கு ஒவ்வோர் ஆண்டும் முக்கியம்.

வகைக்கெழு:
அந்தக் கவலை நியாயமானது. கணினி நேரம் உறுதியாக உண்டா என்பதே நெறியாளரிடம் அவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி. ஆயினும் வளிமண்டலத்தை மெல்லிய நீர்ப்படலம்போல எளிமையாக்கும் ஆழமற்ற நீர்ச் சமன்பாடுகள் மடிக்கணினியிலேயே ஓடும். அவற்றைத் தீர்க்கும் நிரலை எழுதுவதே நல்ல பயிற்சி. எண்முறை முன்கணிப்பின் முன்னோடியான லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் 1910 மே 20-க்கான கணிப்பைக் கையால் போட்டபோது, ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 மில்லிபார் ஏறும் என்று விடை வந்தது. உண்மையில் அழுத்தம் ஏறக்குறைய மாறவேயில்லை. கோளாறு சமன்பாடுகளில் இல்லை, தொடக்கத்தில் கொடுத்த காற்றும் அழுத்தமும் ஒன்றுக்கொன்று பொருந்தாததில் இருந்தது. இப்படி விபரீத விடையின் வேரைத் தேடும் பழக்கம், சொந்தமாக நிரல் எழுதி, அது நிலைகுலைவதைக் கண்டவருக்கே வாய்க்கிறது. கற்றல் மாதிரி தரும் வரைபடத்தில் உச்ச மழை மழுங்கியிருந்தால் அதைச் சந்தேகிப்பவரும் அவரே.

கடற்காற்று:
முதலாண்டில் அந்த நிரலை எழுதட்டும் என்றால் ஒப்புக்கொள்கிறேன். ஆய்வேடு முழுவதும் அதுவே என்றால் உடன்பட மாட்டேன்.