கிராம்பியன்ஸ், பட்ஜ் பிம், மங்கோ: மூன்றும் 5 நாளில் முடியுமா?

தூங்காத கங்காரு:
செப்டம்பர் பள்ளி விடுமுறையில் மெல்பர்னிலிருந்து காரில் கிளம்பி, டென்ட் போட்டுத் தங்கி, பூர்வகுடி மக்களின் இடங்களைப் பார்த்துவிட்டு வரலாம் என்று திட்டம். கிரேட் ஓஷன் ரோட்டை வருகிற சொந்தக்காரர்களுக்கெல்லாம் காட்டிக் காட்டி அலுத்துவிட்டது. நாங்கள் இரண்டு பேர், இரண்டு வாண்டுகள், அப்புறம் ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மா. அப்பாவுக்கு முட்டி வலி, ரொம்ப ஏற முடியாது. வாடகைக்கு 7 சீட்டர் எடுக்கிறோம். முதலில் கிராம்பியன்ஸ் மலையில் பாறை ஓவியங்கள், அங்கிருந்து வடக்கே பழங்கால மனித எலும்புகள் கிடைத்த மங்கோ ஏரி, திரும்பும்போது பூர்வகுடிகளின் பழைய மீன் வாய்க்கால்கள் இருக்கிற பட்ஜ் பிம். கையில் 5 நாள்தான். சரியாக வருமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய பிராடோ:
வராது. கிராம்பியன்ஸில் இருக்கிற ஹால்ஸ் கேப் ஊரிலிருந்து மங்கோ ஏறக்குறைய 500 கிலோமீட்டர், அங்கிருந்து பட்ஜ் பிம் அதைவிடத் தூரம். பெரியவர்களையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு இப்படி ஓட்டினால் பார்த்தது நெடுஞ்சாலை மட்டும்தான் என்று ஆகும். மங்கோவை இந்தத் தடவை எடுத்துவிடுங்கள். மெல்பர்ன், பல்லாரட், ஸ்டாவெல், கிராம்பியன்ஸ், ஹாமில்டன், பட்ஜ் பிம், போர்ட் ஃபேரி, அப்படியே வீடு. 5 நாளுக்கு இந்தச் சுற்று தாராளம்.

முதல் நிறுத்தம் ஸ்டாவெல் பக்கத்தில் பன்ஜில் குகை. வண்டியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச தூரம்தான் நடை, அப்பாவும் வரலாம். இந்தப் பகுதி மக்கள் உலகைப் படைத்தவராகச் சொல்கிற பன்ஜில், இரண்டு டிங்கோ நாய்களோடு உட்கார்ந்திருக்கும் ஓவியம். யாரோ கிறுக்கிவைப்பார்கள் என்று கம்பிவலை போட்டிருக்கிறார்கள், அதன் வழியாக எட்டிப் பார்க்க வேண்டும். ஓவியம் சின்னதுதான், அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பெரிய கோயில் சுவர் மாதிரி எதிர்பார்த்து வருகிறவர்கள் "இவ்வளவுதானா" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள்.

டென்டுக்கு ஹால்ஸ் கேப்பை விட வடக்கே ஸ்டேப்பில்டன் முகாம் நல்லது, கூட்டம் குறைவு. வெள்ளை நிறத்தில் மனித உருவங்கள் வரைந்த ஙமாஜிஜ் பாறை அங்கிருந்து பக்கம்தான். குல்கர்ன் மஞ்சா என்கிற பாறையில் கை அச்சுகள் இருக்கின்றன, அதில் பிள்ளைகளுடைய கைகளும் உண்டு. உங்கள் வாண்டுகள் தங்கள் கையை அதன்மேல் வைத்துப் பார்க்கத் துடிப்பார்கள், விடாதீர்கள், தொட்டால் கையில் இருக்கிற எண்ணெய்ப் பசையே நிறத்தைக் கெடுத்துவிடும். அந்த இடத்துக்குக் கொஞ்சம் பாறை ஏற வேண்டியிருக்கும், அப்பாவை விட்டுவிட்டுப் போங்கள்.

கிளம்பும் முன் பூங்காக்களைப் பார்த்துக்கொள்கிற பார்க்ஸ் விக்டோரியாவின் இணையதளத்தைப் பாருங்கள். 2024 டிசம்பரில் பிடித்த தீ கிராம்பியன்ஸ் பூங்காவில் ஒரு பெரும்பகுதியை எரித்துவிட்டது, எது திறந்திருக்கிறது என்பது அப்பப்போ மாறும். இன்னொன்று, செப்டம்பர் கடைசியில் ஃபுட்டி (ஆஸ்திரேலியக் கால்பந்து) இறுதிப் போட்டி, அதற்கு முந்தின வெள்ளி பொது விடுமுறை. அந்த வாரக் கடைசியில் இடம் கிடைக்காது, இப்பவே பதிவு செய்துவிடுங்கள்.

ஈரக்காத்து:
பட்ஜ் பிம்முக்கு ஒரு முழு நாள் வையுங்கள், அதுவும் அந்த மண்ணின் பூர்வகுடிகளான குண்டிஜ்மாரா மக்களே நடத்துகிற சுற்றுலாவில் போங்கள். தனியாகப் போய் நின்றால் புல்வெளி, சதுப்பு, அங்கங்கே கருங்கல் குவியல், அவ்வளவுதான் தெரியும். வழிகாட்டி குனிந்து "இந்தக் கல் தானாக இங்கே கிடக்கவில்லை" என்று ஒரு வரிசையைக் காட்டின பிறகுதான் அது வாய்க்கால் என்று கண்ணுக்குப் பட்டது.

எரிமலைக் குழம்பு உறைந்த கல்லை அடுக்கி வாய்க்காலும் தடுப்பும் கட்டி, தண்ணீர் ஏறும்போது வருகிற விலாங்கு மீனை (அவர்கள் கூயாங் என்கிறார்கள்) உள்ளே திருப்பிவிடுவார்கள். தடுப்பில் விட்ட இடைவெளியில் நீளமான பின்னல் கூடை. சின்னது நழுவிப் போய்விடும், பெரியது மாட்டிக்கொள்ளும். பிடித்ததில் கொஞ்சத்தை அப்படியே குளத்தில் விட்டு வளர்ப்பார்கள், மீதியைப் புகைபோட்டுப் பக்குவம் செய்வார்கள். இதில் மிகப் பழைய பகுதி சுமார் 6,600 ஆண்டு பழையது. வெள்ளைக்காரர்கள் வந்தபோது இங்கே இருந்தவர்கள் அலைந்து திரிந்த வேடர்கள் மட்டுமே என்று பள்ளியில் படித்தவர்களுக்கு இந்த வாய்க்காலைக் காட்ட வேண்டும். 2019ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. முழுக்கப் பூர்வகுடிப் பண்பாட்டுக்காகவே ஆஸ்திரேலியாவில் அப்படிச் சேர்ந்த முதல் இடம் இதுதான்.

டே ரக் ஏரிக்கரையில் அவர்களுடைய கஃபே இருக்கிறது, புகைபோட்ட விலாங்கு கிடைக்கும். மேய்ச்சல் நிலத்துக்காக வடித்துவிட்ட ஏரி அது, 2010ல் மறுபடி தடுப்பு கட்டித் தண்ணீரை நிறுத்தினார்கள். எந்தக் கிழமைகளில் திறப்பார்கள் என்று பார்த்துவிட்டுப் போங்கள். தங்குவதற்குப் பட்ஜ் பிம் எரிமலை வாய் ஓரத்திலேயே முகாம் உண்டு, கீழே சர்ப்ரைஸ் ஏரி.

மில்டுராக்காரன்:
மங்கோவை எடுத்துவிடுங்கள் என்று பிராடோ அண்ணன் சொன்னது தூரத்துக்காக, சரி. ஆனால் இன்னொரு தடவை தனியாகக் கட்டாயம் வாருங்கள். 1968ல் அங்கே கிடைத்த பெண்ணின் எலும்புகளும் 1974ல் கிடைத்த ஆணின் எலும்புகளும் சுமார் 42,000 ஆண்டு பழையவை. அந்தப் பெண்ணை எரியூட்டியிருக்கிறார்கள், உலகத்தில் தெரிந்தவரை அதுவே மிகப் பழைய தகனம். இரண்டு பேரையுமே ஆராய்ச்சிக்கு எடுத்துப் போய், அங்கத்திய மக்கள் பல வருடம் கேட்டுக் கேட்டு, பெண் 1992லும் ஆண் 2017லும்தான் திரும்பி வந்தார்கள். மணல்மேட்டின்மேல் வழிகாட்டி இல்லாமல் கால் வைக்க அனுமதி கிடையாது.

பக்கத்து நகரமான மில்டுராவிலிருந்து மங்கோ 110 கிலோமீட்டர், பெரும்பாலும் மண் ரோடு. மழை பெய்தால் களிமண்ணாகிச் சாலையையே மூடிவிடுவார்கள். அங்கே பெட்ரோல் கிடையாது. வாடகைக் கார் ஒப்பந்தத்தில் மண் ரோட்டுக்குக் காப்பீடு உண்டா என்று சின்ன எழுத்துவரை படியுங்கள், நிறைய ஒப்பந்தங்களில் இல்லை.

தூங்காத கங்காரு:
நன்றி, மங்கோ இந்தத் தடவை இல்லை. இரண்டு சந்தேகம். அம்மா சுத்த சைவம், விலாங்கெல்லாம் பக்கத்தில் வைத்தாலே முகம் சுளிப்பார், என்ன செய்யலாம்? ஓவியங்களைப் போட்டோ எடுக்கலாமா?

ஈரக்காத்து:
சாப்பாட்டுக்குக் கஃபேயை நம்பாதீர்கள், புளிச்சோறு கட்டிக்கொண்டு போங்கள், காஸ் அடுப்பும் எடுத்துக்கொள்ளுங்கள். அரிசி, பருப்பு, காய் ஹாமில்டனிலேயே வாங்கிவிடலாம், அதற்கு அப்புறம் கடை சொற்பம். முகாம்களில் குழாய்த் தண்ணீர் இருந்தாலும் குடிக்க நம்ப முடியாது, கேனில் பிடித்துக்கொள்ளுங்கள். ராத்திரிக் குளிர் ஊர்க் குளிர் இல்லை, அப்பாவுக்குத் தரையில் பாய் போடாமல் மடக்குக் கட்டில் வாங்குங்கள், முட்டிக்கும் நல்லது. பன்ஜில், ஙமாஜிஜ் மாதிரி திறந்த இடங்களில் போட்டோவுக்குத் தடை இல்லை, ஃப்ளாஷ் வேண்டாம். பட்ஜ் பிம்மில் வழிகாட்டியைக் கேட்டுவிட்டு எடுங்கள், அவரை எடுப்பதாக இருந்தாலும் கேட்டுத்தான்.

பழைய பிராடோ:
பொழுது சாயும் முன் முகாமுக்கு வந்துவிடுங்கள், ஹாமில்டன் ரோட்டில் இருட்டினால் கங்காரு குறுக்கே பாயும் (உங்கள் பெயர்க்காரர்தான்). செப்டம்பரில் மாக்பை பறவை தலையில் கொத்தும், பிள்ளைகளுக்குத் தொப்பி.