பிங் போகிறது, பெரிய கோப்பு மட்டும் நின்றுவிடுகிறது: வகை 3, குறியீடு 4 எதைச் சொல்கிறது?

கேள்வி:
இரண்டு அலுவலகங்களை விபிஎன் மூலம் இணைத்திருக்கிறோம். பிங் (மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சிறு சோதனை) ஒழுங்காகப் போய்வருகிறது. எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து கட்டளை தரும் பாதுகாப்பான இணைப்பு) வழியே சர்வருக்குள் நுழையவும் முடிகிறது. ஆனால் நீளமான கோப்புப் பட்டியலைக் கேட்டால் திரை உறைந்துவிடுகிறது. பெரிய கோப்பு இறங்கவே மாட்டேன் என்கிறது. சர்வர் பக்க ரௌட்டரில் டிசிபிடம்ப் (போய்வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் கருவி) ஓட்டியபோது ஐசிஎம்பி (பிணையத்தின் பிழை, நிலைச் செய்திகள்) வகை 3, குறியீடு 4 வரிசையாக வந்தது. வகை 3 என்றால் இலக்கை அடைய முடியவில்லை என்றுதானே பொருள்? பிங்குக்குப் பதில் வருகிறதே!

பதில்:
வழித்தடம் சரியாகத்தான் இருக்கிறது, அதைத் தோண்ட வேண்டாம். வகை 3 வெறும் தலைப்பு. காரணம் குறியீட்டில் இருக்கிறது. 1 என்றால் அந்தக் கணினியை எட்ட முடியவில்லை. 3 என்றால் போர்ட் மூடியிருக்கிறது. 4 என்றால் பாக்கெட் அடுத்த இணைப்புக்குப் பெரிது, 'துண்டாக்காதே' என்ற கொடியும் இருப்பதால் ரௌட்டர் அதைக் கைவிட்டது. அந்தச் செய்தியிலேயே எம்டியு அளவு, அதாவது அந்த இணைப்பு தாங்கும் மிகப் பெரிய பாக்கெட்டின் அளவு, இருக்கும். எவ்வளவு? ஃபயர்வாலில் எந்த ஐசிஎம்பி வகைகளுக்கு அனுமதி?

கேட்டவர்:
1400. ரௌட்டருக்கும் சர்வருக்கும் நடுவே உள்ள ஃபயர்வாலில் வகை 8 (பிங் கேள்வி), வகை 0 (பிங் பதில்) மட்டும்.

பதில்:
அப்படியானால் சிக்கல் அங்கேதான். "சிறிதாக அனுப்பு" என்று ரௌட்டர் சொல்வது சர்வரின் காதில் விழவே இல்லை. அது 1500 பைட் பாக்கெட்டையே மறுபடி மறுபடி அனுப்புகிறது. பிங் சிறியது, அதனால் தப்பிக்கிறது. சர்வரிலிருந்து அதே கொடியுடன் 1372 பைட் தரவு வைத்து பிங் செய்யுங்கள். ஐசிஎம்பி தலைப்பு 8, ஐபி தலைப்பு 20 சேர்த்துச் சரியாக 1400. அது போகும். 1373 வைத்தால் எந்தப் பதிலும் வராது. வகை 3, குறியீடு 4-ஐத் திறந்துவிடுங்கள். பாக்கெட் போகும் வழியைக் காட்டும் டிரேஸ்ரூட் வேலை செய்ய வகை 11-உம் (நேரம் முடிந்தது) வேண்டும்.

இன்னொருவர்:
குறியீடு 3 வந்தால் சேவை ஓடவில்லை என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். லினக்ஸின் ஃபயர்வாலான ஐபிடேபிள்ஸ் நிராகரிக்கும்போது இயல்பாக இதே குறியீட்டைத்தான் அனுப்பும். வெளிப்படையாகக் குறியீடு 13 (நிர்வாகத் தடை) அனுப்பும் ஃபயர்வால்களும் உண்டு. செய்தி எந்த முகவரியிலிருந்து வந்தது என்பதையும் பாருங்கள்.

கேட்டவர்:
திறந்துவிட்டேன், கோப்புகள் இறங்குகின்றன! மிக்க நன்றி. ஐபிவி6-க்கும் இதே எண்கள்தானா?

பதில்:
இல்லை. அங்கே 'பாக்கெட் மிகப் பெரிது' என்பது தனியாக வகை 2. ஐபிவி6 ரௌட்டர்கள் எதையும் துண்டாக்குவதில்லை; ஆகவே அதை ஒருபோதும் தடுக்காதீர்கள்.