கடற்கொள்ளையன் வேடம் கட்டும் நாடக நடிகன் கேட்கிறேன்: இந்தப் பாத்திரத்தை எப்படி உண்மையாக நடிப்பது?

கேள்வி: மதுரை ராஜபார்ட்

அனைவருக்கும் வணக்கம். நான் மதுரையில் 22 ஆண்டுகளாக ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட் வேடம் கட்டி வருகிறேன். பங்குனி தொடங்கி ஆவணி வரை ஊர்த் திருவிழாக்களில் இரவு பத்து மணிக்கு மேடையேறினால் விடியும்போதுதான் அரிதாரம் கலைப்பேன். ஐப்பசி பிறந்துவிட்டால் மேடைகள் குறைந்துவிடும். அந்த மாதங்களில் பள்ளி விழாக்களிலும் சுற்றுலாப் பயணிகளுக்கான நிகழ்ச்சிகளிலும் திருமலை நாயக்கராகவோ கட்டபொம்மனாகவோ உடையணிந்து, வருகிறவர்களோடு அந்தப் பாத்திரமாகவே பேசுவதில்தான் வீட்டுச் செலவு நடக்கிறது.

நான்கு ஆண்டுகளுக்கு முன், கடற்கொள்ளையர் வரலாற்றில் பேரார்வம் கொண்ட இளைஞர் குழு ஒன்று என்னை அழைத்தது. ஆண்டுக்கு ஒருமுறை அழகர்கோயில் சாலையில் உள்ள தோப்பொன்றில் முப்பது நாற்பது பேர் வேடமணிந்து கூடுவார்கள். கயிற்று முடிச்சுப் போடுவார்கள், மூங்கிலால் பாய்மரம் நட்டுக் கொடியேற்றுவார்கள், பழைய கடற்படங்களை விரித்து வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பேசுவார்கள். அவர்களுக்குக் கப்பல் தலைவனாக நடித்துக் காட்டுவது என் வேலை. பேசிய சம்பளத்தைப் பேசியபடி கொடுப்பார்கள், மரியாதையாகவும் நடத்துவார்கள்.

முதல் ஆண்டில் எனக்கு எதுவும் தெரியாது. கருப்புத்தாடிக்காரன் என்று பெயர்பெற்ற ஆங்கிலேயக் கொள்ளையன் சண்டைக்குப் போகும்போது தொப்பிக்கு அடியில் எரியும் திரிகளைச் செருகிக்கொள்வான் என்று யாரோ சொல்லக் கேட்டு, என் தொப்பி விளிம்பில் ஊதுவத்திகளைச் செருகிக்கொண்டேன். வசனத்தின் நடுவில் ஒரு கங்கு உதிர்ந்து ஒட்டுத்தாடியில் விழுந்தது. ஸ்பிரிட் கம் என்ற பசை தடவிய தாடி எவ்வளவு வேகமாகப் பற்றும் என்பது நம் தொழிலில் உள்ளவர்களுக்குத் தெரியும். தாடியைப் பிய்த்து எறிந்து கையால் கன்னத்தை அடித்து அணைத்தேன். அதுவும் நடிப்பென்று எண்ணிய கூட்டம் கைதட்டியது. இடது தாடையில் அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது.

ஆனால் நான் கேட்க வந்தது அதைப் பற்றியல்ல. சென்ற ஆண்டு, 1695-இல் ஹென்றி எவ்ரி என்ற கொள்ளையன் ஔரங்கசீப்பின் கஞ்ச்-இ-சவாய் கப்பலைப் பிடித்த கதையை வீராவேசமாக நடித்துக் காட்டினேன். முடிந்ததும், அண்ணனோடு வந்திருந்த பன்னிரண்டு வயதுப் பெண் அருகில் வந்து, “மாமா, அந்தக் கப்பலில் வந்தவர்கள் என்ன ஆனார்கள்?” என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. கொள்ளையனின் வாளையும் சிரிப்பையும் அரைமணி நேரம் நடித்துக் காட்டிய நான், அந்தக் கப்பலில் யார் வந்தார்கள் என்பதைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் நடித்திருந்தேன். இந்த ஆண்டும் அழைப்பு வந்திருக்கிறது. வேடத்தை விட மனமில்லை. அந்தப் பெண்ணின் கேள்விக்கு என் நடிப்பிலேயே பதில் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டும்.

பதில் 1: சுங்குடித் தெரு

அண்ணனுக்கு வணக்கம். நான் இதே போன்ற ஒரு கடற்கொள்ளையர் ஆர்வலர் வட்டத்தில் இருப்பவள். எங்களை இந்த வரலாறு ஏன் இழுத்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பார்வையாளர் எதைத் தேடி வருகிறார் என்பது நடிப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அக்காலத்து வணிகக் கப்பலில் மாலுமியை அடித்தாலும் பட்டினி போட்டாலும் கேட்பாரில்லை. கொள்ளைக் கப்பலில் தலைவனைக் கூட்டமே தேர்ந்தெடுத்தது. துரத்தலிலும் சண்டையிலும் மட்டுமே அவன் சொல் இறுதியானது. மற்ற நேரங்களில் உணவையும் பங்கையும் பிரித்துக் கொடுத்தவர் குவார்ட்டர் மாஸ்டர். 1722-இல் கொல்லப்பட்ட பார்த்தலோமியூ ராபர்ட்ஸின் கப்பலில் எழுதி வைத்த விதிகளே இருந்தன. தலைவனுக்கும் குவார்ட்டர் மாஸ்டருக்கும் இரண்டு பங்கு, பீரங்கித் தலைவனுக்கு ஒன்றரைப் பங்கு, சண்டையில் உறுப்பிழந்தவருக்குப் பொதுப்பணத்திலிருந்து 800 வெள்ளிக்காசு என்றெல்லாம் அவற்றில் உண்டு. வாரத்தில் ஆறு நாளும் வாசிக்க வேண்டிய இசைக்காரர்களுக்கு ஏழாம் நாள் ஓய்வு என்பதும் ஒரு விதி. அண்ணன் மேடையில் இதைச் சொன்னால் உங்கள் ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் தலையசைத்துக் கேட்பார்கள்.

கொள்ளையரென்றால் கரகரத்த குரலில் ‘ஆர்ர்’ என்று உறும வேண்டும் என்ற பழக்கம் 1950-இல் வந்த ஒரு படத்தில் நடித்தவரின் உச்சரிப்பிலிருந்து பரவியது. பிடிபட்டவர்களைப் பலகைமேல் நடக்கவிட்டுக் கடலில் தள்ளியதாகச் சொல்வதும் பெரும்பாலும் கதைகளில் வளர்ந்ததுதான். இவற்றை விட்டுவிட்டால் உங்கள் ஆர்வலர்கள் குறையாக எண்ண மாட்டார்கள். உண்மையான விவரம் ஒன்று கிடைத்தால் அதைப் பற்றி ஒரு மாதம் பேசுவோம் நாங்கள்.

பதில் 2: புதுமண்டபத்துத் தையல்

என் தாத்தா காலந்தொட்டுப் புதுமண்டபத்தில் தைத்தவர்கள் நாங்கள். இப்போது கடை குன்னத்தூர் சத்திரத்தில் இருக்கிறது. சித்திரைத் திருவிழாவில் கள்ளழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களும் திரியெடுத்து ஆடுகிறவர்களும் அணியும் உடைகளைத் தலைமுறையாகத் தைத்து வருவதால், வேடம் கட்டுகிறவரின் உடம்பு வெயிலில் என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியும். ஆகவே உடையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

வெல்வெட் கோட்டும் முழங்கால்வரை பூட்ஸும் வேண்டாம். அந்தக் காலத்து மாலுமி முரட்டுத்துணிச் சட்டையும், இடுப்பளவோடு நிற்கும் குட்டைச் சட்டையும், முழங்காலுக்குச் சற்றுக் கீழே முடியும் அகலமான கால்சட்டையும் அணிந்தான். கப்பல் தளத்தில் பெரும்பாலும் வெறுங்காலோடு நடந்தான். காடாத்துணியில் சட்டையும், நீலமும் வெள்ளையும் கலந்த கைத்தறிக் கட்டத்தில் இன்னொன்றும் தைத்துக்கொண்டால் சரியாக இருக்கும், வியர்வையையும் உறிஞ்சும். ஜிகினாவும் சமிக்கியும் ராஜா வேடத்தோடு நிற்கட்டும். தலைவன் என்று காட்ட ஆடம்பரமான மேலங்கி ஒன்று போதும், அதுவும் உங்கள் அளவுக்குத் தைக்கப்படாமல் தோளில் தொங்க வேண்டும், ஏனென்றால் அது வேறொருவரிடமிருந்து பறித்தது. தாத்தா சொல்லுவார், இரவல் உடையைப் போட்டவன் நடையிலேயே தெரிந்துவிடும் என்று. அந்த நடை உங்களுக்கு இங்கே வேண்டும்.

தலையில் கட்டும் துணிக்கு அலைய வேண்டாம். பந்தானா என்று உலகமெல்லாம் சொல்கிறார்களே, அந்தச் சொல்லே முடிச்சிட்டுச் சாயம் தோய்ப்பதைக் குறிக்கும் இந்திச் சொல்லிலிருந்து போனது. நம் சுங்குடியும் அதே தொழில்தான்: நூலால் சிறு சிறு முடிச்சிட்டுச் சாயத்தில் தோய்த்து, அவிழ்த்தால் புள்ளி. 1720-இல் ஜமைக்காவில் தூக்கிலிடப்பட்ட ஒரு கொள்ளையனுக்கு ‘காலிகோ ஜாக்’ என்றே பெயர். காலிகோ என்ற துணி கோழிக்கோட்டின் பெயரால் வழங்கியது. அவர்கள் உடம்பில் கிடந்த துணியில் ஒரு பகுதி நம் நாட்டு நெசவு என்பதை உடையிலேயே காட்டிவிடலாம். சிவப்புச் சுங்குடியில் ஒரு முழம் போதும்.

வாளை மரத்தில் செய்து அலுமினியத் தகடு சுற்றுங்கள். 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கூரிய அலகு ஆயுதச் சட்டத்துக்குள் வந்துவிடும். மாட்டுத்தாவணியில் பேருந்தேறும்போது அந்தச் சங்கடம் தேவையில்லை.

பதில் 3: பழைய நாடக வாத்தியார்

தம்பி, அந்தக் குழந்தையின் கேள்விக்கு வருகிறேன்.

கஞ்ச்-இ-சவாய், மெக்காவுக்குப் புனிதப் பயணம் போய் சூரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர்களை ஏற்றி வந்த கப்பல். முதியவர்களும் பெண்களும் அதில் இருந்தார்கள். முகலாய வரலாற்றாசிரியர் காஃபி கான் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். கப்பலில் 80 பீரங்கிகள் இருந்தும், சுட்டவற்றுள் ஒன்று வெடித்துச் சிதறித் தன் ஆட்களையே கொன்றது. கப்பல் தலைவன் இப்ராகிம் கான் கீழ்த்தளத்துக்கு ஓடி, அங்கிருந்த அடிமைப் பெண்களின் தலையில் தலைப்பாகை கட்டி, கையில் வாள் கொடுத்து, சண்டைக்கு மேலே அனுப்பினான் என்கிறார் அவர். கொள்ளையர் நாட்கணக்கில் அந்தக் கப்பலில் இருந்தார்கள். பெண்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமையையும், மானத்தைக் காக்கச் சில பெண்கள் கடலில் குதித்ததையும் அவர் பதிவு செய்திருக்கிறார். எவ்ரி கடைசிவரை பிடிபடவில்லை. அவனுடைய ஆட்களில் சிலரை 1696-இல் லண்டனில் தூக்கிலிட்டார்கள். சூரத்தில் இருந்த ஆங்கிலேயக் கம்பெனி வணிகர்களை முகலாய அரசு சிறையில் அடைத்தது.

நாற்பது ஆண்டுகள் வேடம் கட்டியவன் நான். அந்தத் தலைப்பாகை கட்டிய பெண்களைப் பற்றிப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டேன். விரும்பி வேடம் கட்டுவதே நம் பிழைப்பு. சாவதற்காக ஒருத்தியின் தலையில் இன்னொருவன் வேடம் கட்டியிருக்கிறான். இதை மேடைக்குக் கொண்டுவராமல் அந்தக் கதையை நடிக்கக் கூடாது என்பது என் எண்ணம்.

எப்படிக் கொண்டுவருவது என்பதற்கு நம்மிடமே வழி இருக்கிறது. வள்ளிக்கும் முருகனுக்கும் விடிய விடிய நடக்கிறதே, அந்தத் தர்க்கத்தை எடுத்துக்கொள். கொள்ளையன் ஒரு பக்கம், தலைப்பாகை கட்டிய பெண் மறுபக்கம். கொள்ளையனுக்கும் சொல்ல நியாயம் கொடு: எவ்ரியும் அவன் கூட்டாளிகளும் 1694-இல் ஸ்பெயின் துறைமுகத்தில் பல மாதச் சம்பளம் வராமல் காத்துக் கிடந்துதான் கலகம் செய்து கப்பலைக் கைப்பற்றினார்கள். ஆடி முடித்துவிட்டுச் சம்பளத்துக்கு நடையாய் நடந்த நமக்கு அந்த வரியைச் சொல்லச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதற்கு அவள், “உன் சம்பளத்தைப் பிடித்தவன் நானா?” என்று ஒரு கேள்வி கேட்கட்டும். அங்கே ஆர்மோனியத்தை நிறுத்தச் சொல். ஒரே மனிதனை இரண்டு பக்கமும் வைத்துக் காட்டுவது மதுரைக்குப் புதிதல்ல. கம்பெனிக்காகப் பாளையங்களை அடக்கிய யூசுப் கானைத்தான், அவர் அதே கம்பெனியை எதிர்த்த பிறகு, 1764-இல் இதே ஊரில் தூக்கிலிட்டார்கள். அவரை நடிக்கத் தெரிந்தவனுக்கு இதுவும் வரும்.

பதில் 4: வேதாளைக்காரன்

வாத்தியார் ஐயா சொன்னதை முழுமனதோடு ஏற்கிறேன். இராமநாதபுரக் கடற்கரையிலிருந்து ஒரு வேண்டுகோள் மட்டும் உண்டு. இத்தகைய கூட்டங்களில் குஞ்ஞாலி மரைக்காயர்களையும் ‘இந்தியக் கடற்கொள்ளையர்’ என்று இதே வரிசையில் நிறுத்தி வேடமணிவதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரியின் கடற்படைத் தலைவர்கள். போர்ச்சுக்கீசியரிடம் கட்டணம் கட்டிச் சீட்டு வாங்காமல் எந்தக் கப்பலும் கடலில் ஓடக்கூடாது என்பது அவர்கள் விதித்த சட்டம். அதை எதிர்த்து நின்றவர்களை அவர்கள் கொள்ளையர் என்று எழுதி வைத்தார்கள். 1538-இல் மரைக்காயர்களின் கப்பற்படையைப் போர்ச்சுக்கீசியர் முறியடித்தது எங்கள் வேதாளைக் கரையில்தான். நான்காம் குஞ்ஞாலியை 1600-இல் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். இடைக்காலத்தில் அவருக்கும் சாமூதிரிக்கும் பகை மூண்டதும், சாமூதிரியே போர்ச்சுக்கீசியரோடு சேர்ந்து அவரைப் பிடித்ததும் உண்மை. அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மண்டையோட்டுக் கொடியின் கீழ் அவரை நிறுத்தாதீர்கள். தனி வேடமாக, தனி நிகழ்ச்சியாக நடியுங்கள். மதுரையில் அப்படி ஒரு நிகழ்ச்சி நடந்தால் வேதாளையிலிருந்து நாங்கள் நான்கு பேர் வண்டி பிடித்து வருவோம்.

கேட்டவரின் மறுமொழி: மதுரை ராஜபார்ட்

அனைவருக்கும் நன்றி. வாத்தியார் ஐயா எழுதியதைப் படித்துவிட்டு, என்னோடு ஸ்திரீபார்ட் கட்டும் அம்மாவிடம் இன்று காலை சென்று பேசினேன். தலைப்பாகை கட்டிய பெண்ணின் பகுதியைக் கேட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார்கள். பிறகு, “வாளைப் பிடிக்கத் தெரியாதவள் பிடித்த மாதிரித்தான் பிடிப்பேன், சரியா?” என்று கேட்டார்கள். அந்த ஒரு கேள்வியிலேயே பாத்திரம் அவர்களுக்குப் பிடிபட்டுவிட்டது என்று அறிந்துகொண்டேன். குழுவினரிடமும் சொல்லிவிட்டேன். அரைமணி நேரத்தை ஒரு மணி நேரமாக நீட்டிக்கொள்ளுங்கள் என்று அவர்களே சொன்னார்கள். குஞ்ஞாலியைத் தனியாக நடிப்பேன் என்று வேதாளை அண்ணனுக்கு வாக்களிக்கிறேன்.

தையல்கடைத் தம்பிக்கு ஒரு செய்தி: சுங்குடியில் ஒரு முழம் மட்டும் போதாது, இன்னொரு தலைப்பாகையும் வேண்டும். ஸ்திரீபார்ட் அம்மாவுடையதை வெள்ளைத் துணியில், அவசரத்தில் யாரோ சுற்றிவிட்டது போலத் தளர்வாகத் தைத்துக் கொடுங்கள். வெள்ளிக்கிழமை காலை அளவு கொடுக்க இருவரும் கடைக்கு வருகிறோம்.